செங்கம்மாவின் சாப்பாடு

ஆலத்தண்டலத்தில் பெண்சாதி சாப்பிடுவதைப் புருஷன் பார்க்கமாட்டான். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைத்ததில்லை. அதற்கென்று ஒரு பழமொழிகூட அந்த ஊரில் கிடையாது. அவன் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். அவன் போன பிறகு அடுப்படியின் அரையிருட்டில், சட்டியில் மிஞ்சியதை வழித்துக்கொண்டு அவள் உட்காருவாள். எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வர நேர்ந்தால் வாசலிலேயே ஒரு முறை கனைப்பான். உள்ளே இருப்பவள் தட்டை இழுத்து முந்தானையால் மூடி, வாயில் இருப்பதை மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு, "இன்னாங்க?" என்பாள். கல்யாணமான முதல் வாரத்திலேயே பையன்கள் இந்தக் கனைப்பைக் கற்றுக்கொண்டார்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

திருவேங்கடம் இந்த வழக்கத்தை மற்றவர்களைக் காட்டிலும் சுத்தமாகக் கடைப்பிடித்தவர். ஐம்பத்தைந்து வயது. ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் வேர்க்கடலை, கிணற்றடியில் கரும்பு. சித்தூர் ஜில்லாவின் தமிழ்க் கிராமங்களை எந்த ராஜ்யத்தில் வைப்பது என்ற வழக்கு எழுந்த நாள் முதலாக எல்லைக் கமிட்டிக்காரர்களுக்குத் தங்கும் இடமும் சாப்பாடும் அவர் வீடுதான். நகரியிலிருந்து மனு எழுத வருவார்கள். திருத்தணியிலிருந்து கூட்டம் பேசிவிட்டு வருவார்கள். எந்நேரம் வந்தாலும் இலை விழும். 'திருவேங்கடம் வூட்ல அடுப்பு அணையாது' என்பது சுற்றுவட்டாரப் பேச்சு. அதைக் காதால் கேட்கும்போது அவருக்கு வயிறும் மனசும் சேர்ந்தே நிறையும். வயிறு நிறைந்து, வேட்டி மடிப்புக்கு மேல் ஒரு சிறு பானையைப் போல அமர்ந்தும் இருந்தது. அந்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தவள் என்ன சாப்பிட்டாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பார்க்கக் கூடாத ஒன்றைப் பற்றிக் கேட்பது எப்படி?

மாசி மாதத்தில் செங்கம்மா விழுந்தாள்.

அன்றைக்கும் பந்தி நடந்துகொண்டிருந்தது. கொல்லைப்புறத்தில் கஞ்சி வடித்துவிட்டுத் திரும்பும்போது கால் இடறிற்று. கிணற்றில் விழவில்லை, படியில் உருளவில்லை. நின்ற இடத்திலேயே சாய்ந்தாள், கையை ஊன்றினாள். ஊன்றிய வலது கை, காய்ந்த ஆமணக்குத் தண்டு மாதிரி மணிக்கட்டுக்கு மேலே மடங்கிக்கொண்டது. அவள் போட்ட ஒற்றைக் குரல் பந்தியில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. திருவேங்கடத்தின் காதிலும்தான். வந்தவர்கள் பாதி இலையில் இருக்கும்போது வீட்டுக்காரன் எழுந்தால் மரியாதையில்லை என்று அவர் மோர்ச்சோற்றை முடித்துவிட்டே எழுந்தார். அந்த மோர்ச்சோற்றின் புளிப்பு பிற்பாடு எத்தனையோ நாள் அவர் நாக்கில் இருந்தது.

புத்தூருக்குத்தான் போக வேண்டும். எலும்பு முறிந்தால் மதராஸிலிருந்துகூட சனங்கள் புத்தூருக்கு ரயிலேறி வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு நினைப்பு வராது. ஆனால் கூட இருப்பது யார்? மகன் எத்திராஜ் கரும்பாலையை விட்டு நகர முடியாது. வெல்லம் காய்கிற கொப்பரை ஆளைக் கேட்கும். மருமகள் அம்சவேணி ஆலை ஆட்களுக்குச் சோறாக்க வேண்டும்.

"நைனா, நீயே இட்டுக்கினு போய் வா. கட்டுக் கட்டிக்கினு வர்றதுதானே, ரெண்டு நாள் வேல," என்றான் எத்திராஜ்.

திருவேங்கடம் வண்டி கட்டினார். நகரி மலையின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. வண்டியில் செங்கம்மா, முறிந்த கையை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஒரே விஷயத்தையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பாதிப் பந்தியில இப்டி ஆயிடுச்சே. மோரு எல்லாருக்கும் வந்துதாங்க?"

"வந்துது, வந்துது," என்றார் அவர்.

கட்டுக் கட்டுகிறவர் ஊருக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் இருந்தார். தெலுங்குக்காரர், தமிழையும் தெலுங்கையும் ஒரே வாயில் பேசுவார். கையைத் தொட்டுப் பார்த்தார். செங்கம்மா பல்லைக் கடித்தாள். இலைச்சாற்றில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்பதைப் போல திருவேங்கடத்திடமும் கேட்டார்.

"வயசு எந்த?"

"ஐம்பது ஆவப்போவுது."

"இதுக்கு மின்னாடி எங்கியாவது விரிகிந்தா? ஒடஞ்சிதா?"

"போன வருஷம் விலாவுல. தவலையைத் தூக்கும்போது."

"ம். ஏமி தின்டுந்தி? இன்னா துன்றாங்க இந்தம்மா?"

திருவேங்கடம் வாயைத் திறந்தார். செங்கம்மாவைப் பார்த்தார். பின்னால் கட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் துன்றதுதான்," என்றார்.

"எல்லாரும்னா? பாலு? முட்ட? கேவுரு? கீர? காலைல ஏமி, ராத்திரி ஏமி?"

அவருக்கு வியர்த்தது. தன் தொழுவத்தில் நிற்கிற காளைகள் ஒவ்வொன்றும் என்ன தின்னும் என்று அவர் சொல்லுவார். செவலைக்குப் பருத்திக்கொட்டை இடிக்க வேண்டும். மயிலைக்குக் கடலைப்பிண்ணாக்கு ஒத்துக்கொள்ளாது, எள்ளுப்பிண்ணாக்குதான். கன்று போட்ட எருமைக்கு எத்தனை நாள் கம்பங்கூழ் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாலும் தூக்கத்தில் சொல்லியிருப்பார்.

"நான் துன்றதுக்கு இன்னாங்க கொற," என்று செங்கம்மாவே குறுக்கிட்டாள். "அவுங்களக் கேக்காதீங்க. அவுங்க இன்னாத்தக் கண்டாங்க."

புருஷனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

கட்டுக்காரர் மூங்கில் பட்டைகளை வைத்து இறுக்கினார். இங்கேயே தங்க வேண்டும், கட்டை மாற்றிமாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டு நாள் வேலை இல்லை என்று மட்டும் சொன்னார்.

தோப்பில் கீற்றுக்கொட்டகைகள் வரிசையாக இருந்தன. நோயாளிகளோடு வந்தவர்கள் கல் கூட்டிச் சமைத்துக்கொள்ளுவார்கள். திருவேங்கடத்துக்குச் சமைக்கத் தெரியாது. கடைத்தெருவில் இருந்த கிளப்புக் கடைக்குப் போய் இட்லியும் சாம்பாரும் தூக்கில் வாங்கிக்கொண்டு வந்தார். இலையை விரித்து அவள் முன்னால் வைத்தார்.

செங்கம்மா இலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்றம் துன்றேன். நீங்க போய்ட்டு வாங்க."

"எங்க போறது?"

"எங்கியாவது."

அவரும் போனார். வலது கையில் கட்டு. இடது கையால் அவள் சோற்றைத் தொடமாட்டாள். அவளுக்கு யார் ஊட்டுவது என்ற கேள்வி அவருக்கும் எழாமல் இல்லை. எழுந்ததை, வாசலில் கனைக்கிற மாதிரி ஒரு கனைப்புக் கனைத்து அந்தண்டை தள்ளிவிட்டு, ரயில் கேட்டு வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது இலை காலியாக இருந்தது. எப்படியோ சாப்பிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பக்கத்துக் கொட்டகையில் ரங்கையா என்பவன் காலில் கட்டோடு படுத்திருந்தான். பனைமரத்திலிருந்து விழுந்தவன். அவன் பெண்சாதி கிருஷ்ணம்மா அறுபது வயதுக்குக் குறையாதவள். கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு. விடிவதற்குள் காட்டுப் பக்கம் போய் ஒரு சுமை விறகு ஒடித்துக்கொண்டு வந்து கடைத்தெருவில் போட்டுவிட்டு, அதன் பிறகு உலை வைப்பாள். சத்தியவேடு பக்கத்துச் சனம். திருவேங்கடத்தின் ஊராக இருந்திருந்தால் வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். தோப்பில் எலும்பு முறிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நிழல். அதனால் கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடையே இருந்த ஒரு கீற்றுத் தட்டிதான் எல்லை.

அந்தத் தட்டிக்கு மேலாகக் கிருஷ்ணம்மா பேசுவாள்.

"இன்னா ஐயா, காலங்காத்தால உலாத்திக்கினு கீறீங்க? வவுறு கொறையணும்னா?"

"சும்மா நடந்தேன்."

"நடங்க, நடங்க. எங்காளும் அப்டித்தான். மரம் ஏறுனவரைக்கும் ஒரு நோவு இல்ல. கீழ வந்த ஒடனே காலு போச்சு!"

"அடிப்போடி, விழுந்தது நானு, சிரிக்கிறது நீ," என்று ரங்கையா உள்ளிருந்து குரல் கொடுப்பான்.

"அழுதா எலும்பு ஒட்டுமாய்யா? இந்தா, வாயத் தொற."

அவர்கள் இரண்டு பேரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். அவள் ஒரு வாய் அவனுக்குக் கொடுப்பாள், ஒரு வாய் தான் போட்டுக்கொள்வாள். திருவேங்கடம் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், பெண்கள் குளிக்கும் இடத்தைப் பார்த்துவிட்டவரைப் போல.

ஒரு நாள் மத்தியானம் கிளப்புக் கடை மூடியிருந்தது. பாதி வழியிலேயே திரும்பி வந்தார். தோப்பு மண் மெத்தென்றிருந்தது. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டு, தட்டியோரம் நின்றார்.

செங்கம்மா தரையில் குந்தியிருந்தாள். எதிரே கிருஷ்ணம்மா. நடுவில் மண்சட்டியில் ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி. முருங்கைக்கீரையும் கருவாடும் போட்ட குழம்பு. கிருஷ்ணம்மா களியைப் பிட்டு, குழம்பில் புரட்டி, செங்கம்மாவின் வாயில் வைத்தாள்.

"மெல்லு, மெல்லு, யாரு தொரத்துறாங்க?"

"இந்தப் பக்கம் பல்லு இல்ல அக்கா. ஒரு பக்கமாத்தான் மெல்லணும்."

"எத்தினி போச்சு?"

"கடவாய்ப் பல்லு பூராவும். எத்திராஜுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா போச்சு."

"ஒன் வூட்டுக்காரருக்குத் தெரிமா?"

"அவுங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று செங்கம்மா சிரித்தாள். "நான் வாயத் தொறந்து சிரிச்சாதானே தெரியும்." சட்டியின் அடியைக் காட்டினாள். "அந்தக் காந்தல எனக்குக் குடு அக்கா. எனக்குக் காந்தல்னா உசுரு."

"துன்னு, துன்னு. இட்லியெல்லாம் எங்காளு துன்னுட்டு வவுறு மந்தம்னு பொலம்பிக்கினு கீறான்."

திருவேங்கடம் நின்றார். அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். தன் பெண்சாதி யார் கையால் சாப்பிடுகிறாள் என்ற கோபம். அது உச்சந்தலை வரை ஏறிவிட்டு, நிற்க இடமில்லாமல் இறங்கிற்று. தன் மனைவி இத்தனை வேகமாக, இத்தனை ஆசையாகச் சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குக் கடவாய்ப் பல் இல்லை என்று தெரியாது. காந்தல் பிடிக்கும் என்று தெரியாது. சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்திக்குச் சில நாளில் தெரிந்தவை அவை. திருடிய இடத்தில் அகப்பட்டவரைப் போல அவர் பின்வாங்கினார். தோப்பின் வாசல் வரை போய், அங்கிருந்து கனைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

கொட்டகையில் செங்கம்மா படுத்திருந்தாள். வாயைத் துடைத்த ஈரம் முந்தானையில் இருந்தது.

"கட மூடிட்டான்," என்றார்.

"பரவால்லீங்க. எனக்குப் பசியே இல்ல."

அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு கட்டுக்காரர் அவளை நடக்கச் சொன்னார். படுத்தே கிடந்தால் கை தேறினாலும் கால் போய்விடும், காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்றார். புருஷனும் பெண்சாதியும் காரியம் எதுவுமில்லாமல் ரோட்டில் நடப்பது திருவேங்கடத்துக்குப் பழக்கமில்லாத காரியம். ஊரார் யாராவது சந்தைக்கு வந்து பார்த்துவிட்டால் என்ன சொல்வது? அவர் முன்னால் நடந்தார். பத்தடி தள்ளி அவள். பிறத்தியார் பார்த்தால் இரண்டு பேரும் தனித்தனியே எங்கோ போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். கிருஷ்ணம்மா தலையில் விறகோடு எதிரே வருவாள்.

"இன்னா ஐயா, பின்னாடி வர்றது யாரு, கடங்காரியா? இப்டி ஓடுறீங்க!"

அவர் ஓடவில்லை. ரயில் கேட்டின் மேடு ஏறுவதற்குள்ளேயே அவருக்கு மூச்சு இரைத்தது. நெய்யும் வடையும் பாயசமுமாகப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து வளர்த்த உடம்பு, அரை மைல் நடைக்குத் தாங்கவில்லை. மேட்டிலிருந்த கல்லில் உட்கார்ந்தார். செங்கம்மாவும் வந்து, சற்றுத் தள்ளி, தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மிஞ்சிப்போய் இரைத்தது. அவளுக்கு இல்லாமல் நடுங்கிற்று. ஒரே வீட்டு அடுப்பில் வெந்த சோறு.

அரக்கோணம் வண்டி புகை விட்டுக்கொண்டு போயிற்று. அதன் சத்தம் அடங்கிய பிறகு அவர் கேட்டார்.

"ஒனக்குப் பல்லு எப்போ போச்சு?"

அவள் முகம் வெளுத்தது.

"யாரு சொன்னது?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டீங்களா?" என்றாள். குரல் மிகவும் சிறுத்துவிட்டது. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் கழித்து, எதிரில் சட்டியும் இல்லாமல், சோறும் இல்லாமல். "அவ கையால துன்னத வூட்ல சொல்லிடாதீங்க. எத்திராஜு மாமியா வூட்டுக்குத் தெரிஞ்சா, அம்சவேணி என்ன அடுப்படியில சேக்கமாட்டா. பசி தாங்கலீங்க. எங்கியும் இல்லாத பசி. இந்தக் கட்டு கட்டுனதுலருந்து பேய் மாதிரி பசிக்குது. எனக்கே வெக்கமாக்கீது."

'நான்தான் வெட்கப்பட வேண்டும்' என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த மாதிரி வார்த்தையை அவர் தன் அப்பனோ மாமனோ சொல்லிக் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சொல்லல," என்று மட்டும் சொன்னார். "எழுந்துரு. வெயில் ஏறுது."

திரும்பும்போது பத்தடித் தூரம் ஐந்தடியாக ஆயிற்று. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

கட்டுப் பிரித்து ஊருக்கு அனுப்பும்போது கட்டுக்காரர் கையை விரலால் நீவிப் பார்த்து, "ஒட்டிக்கினு கீது. கொஞ்சம் வளைவுதான்," என்றார். பிறகு திருவேங்கடத்திடம், "இன்னொரு தடவ விழுந்தா நான் உத்தரவாதம் இல்ல. இடுப்புல பட்டா படுக்கைதான். நல்லாத் துன்னணும், நடக்கணும். அதுக்கு மேல என் கையில ஏமி லேது," என்றார். கிருஷ்ணம்மா தோப்பு வாசல் வரை வந்து, வண்டியில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டைப் போட்டாள். திருவேங்கடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே செங்கம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எல்லாம் பழையபடி. அவர் சாப்பிடுவார், எழுவார், துண்டை உதறுவார். உதறிவிட்டு வெளியே போகாமல் கூடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்பார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிற்பார். உள்ளே தட்டின் சத்தம் நின்றுவிடும். அவர் அங்கே நிற்கும்வரை அவள் சாப்பிடமாட்டாள் என்பது அவருக்கு உறைக்கும். போய்விடுவார். தான் செய்யக்கூடிய ஒரே உபகாரம் அங்கே இல்லாமல் இருப்பதுதான் என்று ஆகிவிட்டது அவருக்கு.

ஒரு நாள் மருமகளைக் கூப்பிட்டார். அவளிடம் சொல்வதற்கே முகம் கூசிற்று.

"ஏம்மா, அத்தைக்கு தெனம் ஒரு முட்ட வேவிச்சுக் குடு. கட்டுக்காரர் சொல்லிக்கீறாரு."

"சரி மாமா."

அன்று மத்தியானம் அவர் இலையில் வேகவைத்த முட்டை இருந்தது. இரண்டாகப் பிளந்து, மிளகுப்பொடி தூவி, அழகாக. பரிமாறியவள் செங்கம்மா.

"இது ஒனக்கு," என்றார்.

"எனக்கு இருக்குதுங்க. துன்னுங்க."

இல்லை என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குக் கோழி இட்டது ஒரே முட்டை. கூடையைத் திறந்து பார்த்தவர் அவரேதான். எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். 'என் கண்ணு முன்னாடி துன்னு' என்று சொல்லியிருக்கலாம். எதிரே எத்திராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகன் முன்னால் அப்படி ஒரு பேச்சு எப்படிப் பேசுவது? அவர் முட்டையைத் தின்றார். தொண்டையில் மாவாக ஒட்டிக்கொண்டு இறங்கிற்று. மறுநாளும் முட்டை அவர் இலைக்கே வந்தது. மறுநாளும் தின்றார்.

வருஷம் ஓடிற்று. எல்லை வழக்கு தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் மதராஸோடு போயிற்று. ஆலத்தண்டலம் ஆந்திராவிலேயே நின்றது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர்கள் வேறு ராஜ்யமாகிவிட்ட அந்தப் பங்குனியில், கமிட்டிக்காரர்கள் கடைசியாக ஒரு முறை திருவேங்கடத்தின் வீட்டில் கூடினார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சந்தோஷம், பாதிப் பேருக்குத் துக்கம். இரண்டையும் வெளியில் காட்டிக்கொள்ள முடியாமல் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். கூடத்தில் இரண்டு வரிசை இலை. கமிட்டித் தலைவர் நாராயணசாமி திருத்தணிக்காரர். திருவேங்கடத்தை மாமா என்று முறை வைத்துப் பேசுவார். அவர்தான் வாயைத் திறந்து கலகலப்பாக்கினார்.

"இனிமே ஒங்க வூட்டுக்குச் சாப்ட வரணும்னா ராஜ்யம் தாண்டணும் மாமா. வவுத்துக்குள்ள போன ரசத்துக்கெல்லாம் சுங்கம் கேப்பானோ?"

"கேட்டா ஒன் வவுத்தக் காட்டு. பயந்து வுட்டுடுவான்," என்றார் நகரிக்காரர் ஒருவர்.

சிரித்தார்கள். செங்கம்மா குழம்பு வாளியோடு வந்தாள். வளைந்து ஒட்டிய வலது கைக்குப் பாரம் தாங்காது. இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. வரிசையில் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து வந்தாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள். நெற்றியில் வியர்வை பூத்து, உதடு வெளுத்திருந்தது.

"அக்காவப் பாருங்கய்யா!" என்றார் நாராயணசாமி. "கை ஒடஞ்சவங்கன்னு யாராவது சொல்லுவாங்களா? இந்த வயசுல என் வூட்டுக்காரி எழுந்துருக்க ரெண்டாளு வேணும். அக்கா பம்பரம். அதுக்கெல்லாம் கட்டுப்பாடு வேணும். எங்க அக்காவுக்குப் பசின்னா இன்னான்னே தெரியாது!"

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். செங்கம்மா சிரித்தாள், வாயை மூடியபடி. அடுத்த இலைக்குக் குனிந்தவள் அப்படியே ஒரு கணம் நின்றாள். வாளி ஆடிற்று. குழம்பு தரையில் சிந்திற்று. தூணைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பார்க்காதது போல இலையைப் பார்த்தார்கள். வீட்டுப் பெண் தள்ளாடுவதைப் பார்ப்பதும் மரியாதையில்லை.

திருவேங்கடத்தின் கையில் சோறு இருந்தது. இடுப்பில் பட்டால் படுக்கைதான் என்று கட்டுக்காரர் சொன்னது அவர் காதில் கேட்டது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"காலைல நீ இன்னா துன்ன?"

அம்சவேணி அடுப்படி வாசலில் அப்பளத் தட்டோடு நின்றுவிட்டாள். எத்திராஜ், "நைனா," என்றான் மெதுவாக, எச்சரிப்பதைப் போல.

செங்கம்மா தூணை விடாமல், "அப்றம் துன்றேங்க. நீங்க சாப்டுங்க. வந்தவங்க கீறாங்க," என்றாள்.

"இன்னா துன்னன்னு கேட்டேன்."

குரல் உடைந்து வந்தது. அதட்டலாக இல்லை, பிச்சை கேட்பது போல இருந்தது. காது மடலெல்லாம் அவருக்குச் சுட்டது. இவ்வளவு பேர் முன்னிலையில், அடுக்கடுக்காக இலை போட்ட வீட்டில், வீட்டுக்காரி சாப்பிட்டாளா என்று தெரியாத ஒருவனாக அவர் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

செங்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் துன்னல," என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "நேத்து ராத்திரியும் துன்னல. சோறு பத்தல. எனக்குப் பசிக்குது."

நாராயணசாமி இலையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். திருவேங்கடம் தன் பக்கத்தில் இருந்த ஆளிடம், "கொஞ்சம் தள்ளி ஒக்காரு," என்றார். அந்த ஆள் தள்ளி உட்கார்ந்தார். இடம் உண்டாயிற்று. செங்கம்மா வாளியைக் கீழே வைத்தாள். அந்த இடத்துக்கு அவள் வரவில்லை. அவருக்கு எதிர் வரிசையில், கடைசியில், போட்டு ஆளில்லாமல் கிடந்த இலைக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்சவேணி, சோறு போடும்மா," என்றாள்.

மருமகள் அசையவில்லை. மாமியாரை, மாமனாரை, புருஷனை மாறிமாறிப் பார்த்தாள்.

"போடுன்னா. சூடாக்கீதுல்ல?"

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. செங்கம்மா வளைந்த கையால் பிசைந்தாள். கூடத்தில் இருந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். சிலர் சுவரைப் பார்த்தார்கள். எத்திராஜ் எழுந்து கை கழுவப் போய்விட்டான். முதல் கவளத்தை அவள் மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனாள், இரண்டாவதை வேகமாக.

திருவேங்கடம் பார்த்தார். முகத்தைத் திருப்ப வேண்டும் என்று கழுத்து தானாகவே அசைந்தது. அதை நிறுத்திக்கொண்டு பார்த்தார். அவள் மெல்லுவதை, விழுங்குவதை, உதட்டோரத்துப் பருக்கையை நாக்கால் எடுத்துக்கொள்வதை. அவளும் தலை நிமிர்ந்து அவரையே பார்த்தாள். முந்தானை தோளிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றாள், வாயில் சோற்றோடு.

அம்சவேணி மறுபடியும் சோறு போட்டாள். செங்கம்மா சாப்பிட்டாள்.